9-ஆம் வகுப்பு மாணவர் கையேடு: ஒரு பெற்றோரின் மதிப்பீடு

என் மகள் 9-ஆம் வகுப்பு பயிலும் மெட்ரிகுலேஷன் பள்ளி, இந்த ஆண்டு 120 ரூபாய் பெற்றுக்கொண்டு வழங்கிய மாணவர் கையேட்டை முழுவதுமாகப் படித்தபின் இதை எழுதுகிறேன். ஜூன் மாதம் பாடப்புத்தகக் கட்டோடு வந்து சேரும் இந்த டைரியில் பெயர், இரத்தப் பிரிவு, கல்வித் துறை தரும் மாணவர் அடையாள எண்ணான எமிஸ் எண் ஆகியவற்றை நிரப்பி, பெற்றோர் உறுதிமொழியின் கீழ்க் கையொப்பமிட்டு அனுப்பிவிடுவதே பெரும்பாலான வீடுகளில் வழக்கம். அந்தக் கையொப்பத்தால் நாம் ஏற்றுக்கொள்ளும் விதிகள், பிள்ளை எத்தனை மணிக்கு வாயிலுக்குள் நுழைய வேண்டும் என்பது முதல் எப்போது கழிவறைக்குப் போகலாம் என்பது வரை தீர்மானிக்கின்றன. எனவே அவற்றைப் படித்துப் பார்ப்பது நம் கடமை.

தாளும் கட்டமைப்பும் நன்றாக உள்ளன. தினமும் பையில் போய்வந்தும் தையல் பிரியவில்லை. விடுமுறைப் பட்டியலிலும் தேர்வு அட்டவணையிலும் குறையில்லை. இவற்றைவிட என்னைக் கவர்ந்தது விடுப்புப் பதிவுப் பக்கம். நாள், காரணம், பெற்றோர் கையொப்பம், வகுப்பாசிரியர் கையொப்பம் என்னும் வழக்கமான கட்டங்களுக்குப் பக்கத்தில் ‘விடுபட்ட பாடங்கள்’ என்று ஒரு கட்டம் சேர்த்திருக்கிறார்கள். மகள் காய்ச்சலில் சில நாள் வீட்டிலிருந்துவிட்டுப் பள்ளிக்குத் திரும்பியபோது, கணித ஆசிரியர் அந்தக் கட்டத்தில் ‘முக்கோணவியல், பயிற்சி 6.1’ என்று எழுதிக் கையொப்பமிட்டு அனுப்பியிருந்தார். அன்று மாலை எதிலிருந்து தொடங்குவது என்ற குழப்பமே எங்களுக்கு ஏற்படவில்லை. விடுப்பு எடுத்ததற்குக் காரணம் கேட்பதோடு நில்லாமல், விட்டதைப் பிடிக்க வழியும் காட்டும் இந்தச் சிறு கட்டத்தை எல்லாப் பள்ளிகளும் சேர்க்கலாம்.

விதிகள் பகுதியில் மிகச் சிறப்பாக எழுதப்பட்டிருப்பது இருசக்கர வாகனம் பற்றிய விதி. ஓட்டுநர் உரிமம் இல்லாத மாணவர் வண்டியில் வரக் கூடாது என்று சொல்லிவிட்டு, அதன் கீழேயே மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தை எளிய தமிழில் விளக்கியிருக்கிறார்கள். சிறார் வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் விதிக்கப்படலாம். வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்தாகும். அந்தச் சிறார் 25 வயது வரை உரிமம் பெற முடியாது. காரணத்தையும் விளைவையும் கூட்டிச் சொல்வதால், மகனின் பிடிவாதத்துக்கு இணங்கிச் சாவியைக் கொடுத்துவிடும் பெற்றோரும் இந்தப் பக்கத்தைப் படித்தால் ஒரு கணம் யோசிப்பார்கள்.

இந்தத் தெளிவு மற்ற விதிகளில் இல்லை என்பதே என் முதன்மையான குறை. ‘கையில் கயிறு கட்டக் கூடாது’ என்ற வரி, நகப்பூச்சுக்கும் முடிவெட்டுக்கும் நடுவில் அலங்கார விதிகளுள் ஒன்றாக இடம்பெற்றிருக்கிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவரும் அவருடைய தங்கையும் சாதிப் பகையால் வீட்டுக்குள் வைத்து வெட்டப்பட்ட பிறகு, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் அரசு அமைத்த ஒருநபர் குழு, சாதியை அடையாளப்படுத்தும் வண்ணக் கயிறுகளைப் பள்ளிகளில் தடைசெய்ய வேண்டும் என்று 2024-இல் பரிந்துரைத்தது. இவ்வளவு கனமான பின்னணி உடைய விதியை அதன் காரணத்தோடு சொன்னால் 14 வயதுப் பிள்ளைக்கு நிச்சயமாகப் புரியும். சொல்லாமல் விட்டால், அதையும் ரிப்பன் நிறத்தைப் போன்ற ஒரு கட்டுப்பாடாகவே அது எடுத்துக்கொள்ளும்.

‘பாடவேளையில் கழிவறைக்குச் செல்ல அனுமதி இல்லை’ என்ற விதியை நான் ஏற்கவே மாட்டேன். பத்து நிமிட இடைவேளையில் ஒரு தளத்து மாணவிகள் அனைவரும் சில கழிவறைகளின் முன் வரிசையில் நிற்க வேண்டியிருப்பதால், என் மகள் காலையில் கொண்டுபோகும் தண்ணீரில் பாதிக்கு மேல் அப்படியே திரும்பக் கொண்டுவருகிறாள். மாதவிடாய் நாள்களில் படும் பாட்டைத் தனியே விளக்க வேண்டியதில்லை. வெளியே சுற்றுகிற ஓரிருவரைத் தடுப்பதற்காக அத்தனை பிள்ளைகளின் உடல்நலத்தையும் பணயம் வைப்பது நியாயமாகாது. ஆசிரியரின் அனுமதி பெற்றுச் செல்லலாம் என்று இந்த வரியைத் திருத்துவதற்குச் செலவு எதுவும் ஆகாது.

செல்போன் விதியும் தெளிவாக இல்லை. பள்ளிக்குக் கொண்டுவரக் கூடாது என்பது சரிதான். ஆனால் வீட்டுப்பாடம் இரவு ஒன்பது மணிக்கு மேல் வாட்ஸ்அப் குழுவில் வருகிறது. பிள்ளை அதைப் பார்க்கப் பெற்றோரின் செல்போனைக் கையில் எடுத்தே ஆக வேண்டும். டைரியில் வீட்டுப்பாடம் எழுதுவதற்கென்றே நாள்வாரியாகக் கோடிட்ட பக்கங்கள் இருக்கும்போது, அவற்றையே பயன்படுத்தினால் போதும். பை எடை குறித்துக் கையேட்டில் ஒரு வரியும் இல்லை. பிள்ளையின் எடையில் பத்து விழுக்காட்டுக்கு மேல் பை இருக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் பள்ளிப்பைக் கொள்கை கூறுகிறது. 40 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு அது 4 கிலோ. எல்லா நோட்டுகளையும் தினமும் கொண்டுவரச் சொல்லும் விதி இதோடு ஒத்துப்போகாது.

‘பெற்றோர் கவனத்திற்கு’ என்ற பகுதியில் கட்டணத் தவணைகள், அபராதம், பெற்றோர் கூட்டத்துக்குத் தவறாமல் வருதல், முன் அனுமதியின்றி ஆசிரியரைச் சந்திக்கக் கூடாது என்பன விரிவாக உள்ளன. இவை தேவையான ஒழுங்குகளே, நான் எதிர்க்கவில்லை. ஆனால் பிள்ளையை அடித்தாலோ அவமானப்படுத்தினாலோ யாரிடம் முறையிடுவது, எத்தனை நாளில் பதில் கிடைக்கும் என்பதற்கு ஒரு வரியும் இல்லை. உடல் ரீதியான தண்டனையையும் மன ரீதியான துன்புறுத்தலையும் 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தடைசெய்கிறது. அச்சட்டத்தின் வரம்பு 8-ஆம் வகுப்போடு முடிந்தாலும், அதே கண்ணியம் 9-ஆம் வகுப்புப் பிள்ளைக்கும் உரியது என்று பள்ளி தானாகவே எழுதித் தரலாம். குழந்தைகள் உதவி எண் 1098-ஐயும் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417-ஐயும் அச்சிட அரைப் பக்கம்கூடத் தேவைப்படாது.

ஐந்துக்கு மூன்று மதிப்பெண் தருகிறேன். கழிவறை விதியைத் திருத்தவும் இவ்விரு எண்களைச் சேர்க்கவும் கோரி வகுப்பாசிரியர் வழியாக முதல்வருக்கு எழுத்து மூலம் விண்ணப்பம் அளித்திருக்கிறேன்; அதே வகுப்பின் பெற்றோர் சிலரும் அதில் கையொப்பமிட்டிருக்கிறார்கள். அடுத்த பதிப்பில் அவை இடம்பெற்றால் இந்த மதிப்பெண்ணை மாற்றி எழுதுவேன்.