ஐந்தாம் மாத ஸ்கேன்: சேலத்தில் தொப்புள்கொடியையும் விளக்கிக் காட்டும் ஒரு மையம்

ஐந்தாம் மாத ஸ்கேனுக்காக என் தங்கையை அழைத்துச் சென்ற, ஐந்து ரோட்டுப் பகுதியில் உள்ள இந்த மையத்தை, அங்குள்ள மருத்துவர் தொப்புள்கொடியைப் பொறுமையாக விளக்கிக் காட்டும் விதத்துக்காகவே மற்றவர்களுக்குப் பரிந்துரைப்பேன். உடன் வருபவர்கள் பார்ப்பதற்கென்று சுவரில் தனித்திரை வைத்திருக்கிறார்கள்.

கொடியைக் குறுக்காகக் காட்டியபோது ஒரு பெரிய வட்டமும் இரண்டு சிறிய வட்டங்களும் தெரிந்தன. பெரியது சிரை, தாயின் நஞ்சிலிருந்து (அதாவது பிளசென்டாவிலிருந்து) ஆக்சிஜனும் ஊட்டமும் நிறைந்த ரத்தத்தைக் குழந்தைக்குக் கொண்டுவருவது அதுதான். சிறியவை இரண்டும் தமனிகள். அவை கழிவைச் சுமந்த ரத்தத்தை நஞ்சுக்குத் திருப்பி அனுப்புகின்றன. தமனி என்றால் சுத்த ரத்தம் என்று பள்ளியில் படித்ததற்கு இது நேர்மாறானது. ரத்த ஓட்டத்தை வண்ணத்தில் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் தெரியும் சிவப்பும் நீலமும் ரத்தம் ஓடும் திசையைத்தான் குறிக்கின்றன, அதன் தூய்மையை அல்ல என்பதையும் மருத்துவர் கேட்காமலே சொன்னார். சுமார் நூறில் ஒரு கருவுக்கு ஒரே தமனிதான் இருக்கும் என்றும், அத்தகைய குழந்தைகளில் பெரும்பாலோர் நலமாகவே பிறந்தாலும் சிறுநீரகத்தையும் இருதயத்தையும் கூடுதல் கவனத்துடன் பார்ப்பது வழக்கம் என்றும் கூறி, குழந்தையின் சிறுநீர்ப்பையின் இருபுறமும் ஓடும் தமனிகளை மீண்டும் ஒருமுறை காட்டினார்.

கொடி வயிற்றில் சேரும் இடத்தில்தான் அவர் அதிக நேரம் செலவிட்டார். குடல் வேகமாக வளரும் தொடக்க வாரங்களில் அதன் ஒரு பகுதி கொடியின் அடிப்பகுதிக்குள் வளர்ந்து, ஏறத்தாழ 12-ஆம் வாரத்துக்குள் வயிற்றுக்குள் திரும்பிவிடுகிறது; அப்படித் திரும்பி, வயிற்றுச் சுவர் சரியாக மூடியிருக்கிறதா என்பதை அங்கேதான் பார்க்க வேண்டும்.

எங்கள் பக்கத்தில் மாலை சுற்றி, அதாவது கழுத்தில் கொடி சுற்றிப் பிறக்கும் குழந்தை தாய்மாமனுக்கு ஆகாது என்பார்கள். மாமன் நானே என்பதால், கழுத்தருகே கொடி தெரிந்ததும் என் அம்மாவின் முகம் மாறியது. குழந்தை இப்போது மூக்கால் சுவாசிப்பதில்லை, கொடியின் வழியாகவே ஆக்சிஜனைப் பெறுகிறது. ரத்த நாளங்களைச் சுற்றிக் கூழ் போன்ற தடித்த பொருள் இருப்பதால் அவை எளிதில் நசுங்குவதில்லை. குழந்தை புரளப் புரளச் சுற்றும் விலகும். பிரசவ நேரத்தில் நான்கில் ஒரு குழந்தைக்கு இவ்வாறு இருப்பதுண்டு, பெரும்பாலும் தீங்கில்லை என்று மருத்துவர் அம்மாவிடம் நேரடியாகவே சொன்னார். சோதிடத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் அச்சத்தைப் போக்கிய அந்தப் பக்குவம் பாராட்டுக்குரியது.

கட்டணத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். பாலினம் தெரிவிப்பதைத் தடைசெய்யும் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின் அறிவிப்பு வாசலிலேயே இருக்கிறது. காத்திருப்போர் அறையின் நாற்காலிகள்தான் கர்ப்பிணிகளுக்குச் சற்றும் பொருந்தாதவை. ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி வருபவர்களுக்கு அது பெருந்தொல்லை.

பெரிய குறை அறிக்கையில் இருக்கிறது. அத்தனை விளக்கத்துக்குப் பிறகும், கொடியில் மூன்று நாளங்கள் உள்ளன என்ற ஒற்றை வரி மட்டுமே அதில், அதுவும் ஆங்கிலத்தில், இருந்தது. பிரசவத்தை வேறு மருத்துவமனையில் வைத்துக்கொள்பவர்கள், கொடி நஞ்சிலும் வயிற்றிலும் சேரும் இடங்களைப் பற்றிய குறிப்பையும் எழுதித் தருமாறு கேட்டு வாங்கிக்கொண்டு புறப்படுவது நல்லது. கேட்டால் மறுக்காமல் எழுதித் தருகிறார்கள்.