150-600 லென்ஸும் இரவிகுளம் வரையாடுகளும்: எட்டு ஆண்டுப் பயன்பாடு

2017 இறுதியில் இந்த 150-600 மி.மீ. லென்ஸை (எண் கூடக் கூட, தூரத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும்) வாங்கியபோது என் மனத்தில் ஒரே ஒரு படம்தான் இருந்தது: பாறை விளிம்பில் தனியாக நிற்கும் ஆண் வரையாடு. நான் இருப்பது உடுமலைப்பேட்டையில். மறையூர் வழியாக மலையேறினால் மூணாறுக்குச் சற்று முன்பே கேரளத்தின் இரவிகுளம் தேசியப் பூங்கா வந்துவிடும். எட்டு ஆண்டுகளில் முப்பது முறைக்கு மேல் போய்விட்டேன். 600 என்ற எண்ணுக்காகத்தான் இதை வாங்கினேன். ஆனால் வீட்டில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் வரையாட்டுப் படங்கள் எல்லாமே 150க்கும் 250க்கும் இடையில் எடுத்தவை.

காரணம் இடத்தில் இருக்கிறது. பூங்காவின் பரப்பு 97 சதுர கிலோமீட்டர் என்றாலும், நம்மை விடுவது ராஜமலைப் பகுதிக்கு மட்டும்தான். சொந்த வண்டிக்கு அனுமதி இல்லை. வனத்துறை பஸ்ஸில் ஏறி, இறங்கிய இடத்திலிருந்து தார்ச்சாலையில் நடக்க வேண்டும். அந்தச் சாலையோரத்துப் புல்லைத்தான் வரையாடுகள் மேய்கின்றன. பல தலைமுறைகளாக மனிதர்களைப் பார்த்துப் பழகியவை, ஓடுவதில்லை. ஒருமுறை ஒரு பெட்டை ஆடு சாலையோரத் திட்டில் நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தது. கிடைமட்டமாக நீண்ட கண்மணி, பழுப்பு ரோமத்தின் ஒவ்வொரு நுனியிலும் கோத்துவைத்தாற்போல் பனித்துளி. ஷட்டரை அழுத்தினால் ஃபோகஸ் பிடிக்கவில்லை. இந்த வகை லென்ஸ்களுக்குக் கிட்டத்தட்ட மூன்று மீட்டர் இடைவெளி வேண்டும். இரண்டு அடி பின்னால் போனேன், படம் கிடைத்தது.

அந்த இடைவெளி ஆட்டுக்கும் தேவை. அதைத் தொட்டுப் பார்க்கவும், தோளில் கைபோட்டுப் படம் எடுக்கவும் முயல்கிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் மனம் கொதிக்கிறது. பயப்படாமல் நிற்கும் காட்டு விலங்கு நமக்குத் தந்திருக்கும் நம்பிக்கை அது. குட்டி ஈனும் காலத்தில், வழக்கமாகப் பிப்ரவரி, மார்ச் மாதங்களில், பூங்காவை மூடிவிடுகிறார்கள். மிகச் சரியான ஏற்பாடு.

600 முனையை வரையாட்டுக்குப் பயன்படுத்திய நாட்களில் ஏமாற்றமே அதிகம். விடியற்காலையில் உள்ளே விடமாட்டார்கள். வெயில் ஏறியபின் எதிர்மலையில் நிற்கும் ஆட்டை எடுத்தால், நடுவில் உள்ள காற்றே நெளிகிறது. எந்த விலை லென்ஸாலும் அதை வெல்ல முடியாது. மூடுபனியில் வேறு தொல்லை. ஃபோகஸ் முன்னும் பின்னும் அலைந்துகொண்டே இருக்கும். ஆட்டின் உடம்பில் பிடிக்காமல், கொம்பும் வானமும் சந்திக்கும் விளிம்பில் பிடித்தால் நிற்கிறது. பனியின் வெண்மையில் கேமரா ஏமாந்து படத்தை இருட்டாக்கும் என்பதால் எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) முக்கால் அல்லது ஒரு ஸ்டாப் கூட்டிவைப்பேன். முதிர்ந்த கிடாவின் கரும்பழுப்பு உடலும் முதுகில் உள்ள வெள்ளிச் சாம்பல் திட்டும் அப்போதுதான் தனித்தனியாகத் தெரியும்.

இந்த லென்ஸ் தன் விலைக்கு நியாயம் செய்தது, நான் எதிர்பாராத வேலையில்: நிலக்காட்சியில். முதல் சில மாதங்கள் மலைகளை எடுக்க அகலக் கோண லென்ஸைத்தான் மாட்டினேன். 2695 மீட்டர் உயர ஆனைமுடி அதில் ஏதோ ஒரு மேடுபோலச் சிறுத்துவிடும். மழை விட்ட ஒரு மாலையில், மாற்றச் சோம்பலாக இருந்ததால், இதையே 300இல் வைத்து எதிர்ச்சரிவைப் பார்த்தேன். புல்வெளி, அதன் மடிப்பில் கருத்துக் கிடக்கும் சோலைக்காடு, பின்னால் பனியில் வெளிறிய அடுத்த மலை, அதற்கும் பின்னால் இன்னொன்று. எல்லாம் நெருங்கி வந்து அடுக்கடுக்காக நின்றன. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சி 2018இல் மலர்ந்தபோதும் இதுவே கைகொடுத்தது. ஆகஸ்ட் வெள்ளத்துக்குப் பிறகு போன எனக்கு, கண்ணுக்குப் புதர்கள் இடைவெளி விட்டுத்தான் தெரிந்தன. 400இல் அதே சரிவு நீல ஊதாவாக நிறைந்தது.

குறைகளையும் சொல்கிறேன். எடை கிட்டத்தட்ட 2 கிலோ. கூட்டமான சாலையில் முக்காலி விரிக்க இடமிருக்காது. நான் ஒற்றைக்கால் தாங்கி கொண்டுபோகிறேன். நடக்கும்போது குழல் தானாக நீண்டு தொங்குகிறது, பூட்டுப் பொத்தானை மறக்கக் கூடாது. 600இல் அபர்ச்சர் 6.3 தான், ஒளி குறைவாகவே நுழையும் என்பதால், சோலையோர நிழலில் நெட்டைக்காலி, ஈப்பிடிப்பான் போன்ற சிறு பறவைகளை எடுக்க ஐ.எஸ்.ஓ.வை (ஒளிக்கான உணர்திறனை) 3200 வரை ஏற்ற வேண்டியிருக்கிறது.

மூன்றாவது ஆண்டு மழைக்காலத்தில், ஈரப் பையிலேயே லென்ஸை ஒரு மாதம் விட்டுவிட்டேன். உள் கண்ணாடியில் நூல்போலப் பூஞ்சை ஓடிவிட்டது. சுத்தம் செய்து வாங்க இரண்டு மாதம் ஆனது. அதன்பிறகு, மலையிலிருந்து இறங்கியதும் துடைத்து, சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகாத டப்பாவில்தான் வைக்கிறேன். நீலமாக இருக்கும் மணிகள் இளஞ்சிவப்பானால் மாற்றிவிடுகிறேன். இதுவரை மீண்டும் வரவில்லை.

இரவிகுளத்தில் வரையாடு மட்டும் போதும் என்பவர்களுக்கு 70-300 தாராளம், தோளும் வலிக்காது. மலைகளையும் சேர்த்து எடுக்க விரும்பினால் இந்த நீளம் வேண்டும். எனக்கு அடுத்த குறிஞ்சி 2030இல். அதற்கும் இதையேதான் கொண்டுபோவேன்.