பழைய புராஜெக்டை டாட் நெட் 8-க்கு மாற்றி இரண்டு ஆண்டு: என் அனுபவம்

ஆய்வக அளவீடுகளைப் பதிவு செய்து அறிக்கை அச்சிடும் மென்பொருள் ஒன்றைப் பல ஆண்டுகளாகப் பராமரிக்கிறேன். மைக்ரோசாஃப்டின் விஷுவல் ஸ்டுடியோ 2010 (நிரல் எழுதும் கருவி), டாட் நெட் ஃப்ரேம்வொர்க் 4 (அந்த நிரல் ஓடும் தளம்), விண்டோஸ் ஃபார்ம்ஸ் (திரைகளை அமைக்கும் பகுதி) என்று தொடங்கியது. அதை விஷுவல் ஸ்டுடியோ 2022-க்கும் டாட் நெட் 8-க்கும் கொண்டுவந்து இரண்டு ஆண்டு ஆகிறது. மாற்றிய வாரத்திலேயே எழுதியிருந்தால் கம்பைல் பிழைகளை, அதாவது நிரலை இயங்கும் வடிவத்துக்கு மாற்றும்போது வரும் பிழைகளைப் பற்றித்தான் புலம்பியிருப்பேன். அவை பெரிய தொல்லையே இல்லை. இடத்தைக் காட்டிவிடும், சரிசெய்துவிடலாம். பிழையே காட்டாமல் பில்ட் ஆகி, ஓடும்போது வேறு விடை தரும் இடங்கள்தான் தூக்கத்தைக் கெடுத்தன.

ஒரே தாவலில் போகவில்லை. முதலில் ஃப்ரேம்வொர்க் 4.8, அது நிலைத்த பிறகு புதிய வடிவ புராஜெக்ட் ஃபைல் (மென்பொருளை எப்படி பில்ட் செய்வது என்று சொல்லும் ஃபைல்), கடைசியாக டாட் நெட் 8. ஒவ்வொரு படிக்கும் தனி பிராஞ்ச் (நிரலின் தனிக் கிளை). புதிய வடிவத்தில் புராஜெக்ட் ஃபைல் நாற்பது வரிக்குள் அடங்கிவிட்டது, படிக்கவே சுகமாக இருந்தது. ஆனால் அது ஃபோல்டரில் உள்ள எல்லா சி ஷார்ப் நிரல் ஃபைல்களையும் தானாகவே சேர்த்துக்கொள்ளும். எப்போதோ புராஜெக்டிலிருந்து எடுத்துவிட்டு, அழிக்காமல் விட்டிருந்த பழைய கிளாஸ்கள் எல்லாம் திரும்ப உள்ளே வந்து நின்றன. மாற்றுவதற்கு முன்பே அவற்றை அழித்துவிடுங்கள்.

அப்புறம் டிகிரி குறியில் வந்த சிக்கல். பழைய டெக்ஸ்ட் ஃபைல்களை 'என்கோடிங் டீஃபால்ட்' என்று சொல்லிப் படித்துக்கொண்டிருந்தோம். எழுத்துகளை எந்த எண்களாகச் சேமிப்பது என்ற அட்டவணையைக் குறிப்பது அது. ஃப்ரேம்வொர்க்கில் அது விண்டோஸின் ஏஎன்எஸ்ஐ கோட்பேஜ் என்ற பழைய அட்டவணை. புதிய டாட் நெட்டில் யூடிஎஃப்-8 என்ற வேறு முறை. வெப்பநிலைக்குப் பக்கத்தில் இருந்த சின்ன வட்டம் போய், கறுப்புக் கட்டத்துக்குள் கேள்விக்குறி அச்சானது. பழைய கோட்பேஜ்களைத் தரும் புரோவைடரைப் பதிவு செய்து, கோட்பேஜ் 1252 என்று வெளிப்படையாகச் சொன்னதும் சரியானது.

எண்களில் வந்த மாற்றம் இன்னும் நுட்பமானது. 0.1-ஐயும் 0.2-ஐயும் டபுள் என்ற தசம எண் வகையில் கூட்டி அப்படியே எழுத்தாக மாற்றினால் பழையதில் 0.3 என்று வரும். டாட் நெட் கோர் (புதிய டாட் நெட்டின் முந்தைய பெயர்) 3.0-இலிருந்து 0.30000000000000004. கணக்கு மாறவில்லை, காட்டும் விதம்தான் மாறியது. எங்கள் அறிக்கைகளில் சில கட்டங்கள் பிதுங்கி நின்றன. எத்தனை தசம இடம் வேண்டும் என்பதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். அது எங்கள் தவறு.

ஃபார்ம்களின் இயல்பு எழுத்துருவும் மைக்ரோசாஃப்ட் சான்ஸ் செரிஃப் 8.25-இலிருந்து செகோ யுஐ 9-க்கு மாறியிருந்ததால் பட்டன்கள் நகர்ந்தன. டாட் நெட் 6-இலிருந்து ஒரே வரியில் பழைய எழுத்துருவை அமைக்க முடிகிறது, அதைச் செய்தோம்.

இவற்றை எல்லாம் பிடித்துக் கொடுத்தது ஒரு ஃபோல்டர். மாற்றத்துக்கு முன் பழைய பதிப்பில் 112 அறிக்கைகளை எடுத்துச் சேமித்து வைத்திருந்தேன். ஒவ்வொரு படியிலும் புதிய வெளியீட்டை அவற்றோடு வரிக்கு வரி ஒப்பிட்டேன். ஒரு நாள் வேலைதான். அது இல்லாமல் இந்த வேலையில் இறங்கவே மாட்டேன்.

டாட் நெட் 8-க்கு ஆதரவு 2026 நவம்பர் வரைதான். அதனால் போன மாதம் டாட் நெட் 10-க்குப் போனோம். அதே ஃபோல்டரை வைத்து ஒப்பிட்டதில் 112-உம் பொருந்தின.