இரண்டு பந்தியாக நடந்த ஒரு சிற்றுண்டி

செப்டம்பர் 22-ஐ ஒட்டி வந்த ஞாயிற்றுக்கிழமை காலை, தென்சென்னையில் ஒரு கல்யாண மண்டபத்தின் சிறிய கூடத்தில், அரிய புற்றுநோய்களுக்காக நிதி திரட்டும் சிற்றுண்டி ஒன்றுக்குச் சித்தப்பாவோடு போய்வந்தேன். சி.எம்.எல் என்னும் ரத்தப் புற்றுநோய்க்கும், ஜிஸ்ட் என்னும் இரைப்பை, குடல் கட்டிக்கும் மாத்திரை சாப்பிட்டு வருகிறவர்கள் சேர்ந்து நடத்தும் குழு அது. குறைகளையும் சொல்ல இருப்பதால் குழுவின் பெயரை எழுதவில்லை. சீட்டு ஆளுக்கு 1,500 ரூபாய். ஒன்பதாவது குரோமோசோமும் இருபத்திரண்டாவது குரோமோசோமும் தங்களுக்குள் துண்டுகளை மாற்றிக்கொள்வதால் வருவது சி.எம்.எல். ஆகவே ஒன்பதாம் மாதத்தின் 22-ஆம் தேதியை அந்த நோயாளிகள் உலகம் முழுவதும் தங்கள் நாளாக வைத்துக்கொண்டிருக்கிறார்கள். இங்கே அது புரட்டாசியில் விழுகிறது. சைவச் சிற்றுண்டிக்கு யாரிடமும் காரணம் சொல்ல வேண்டியிருக்காது.

முதலில் சாப்பாடு. வாழை இலையில் இட்லி, வெண்பொங்கல், மெதுவடை, சாம்பார், இரண்டு சட்னி, ரவா கேசரி, கடைசியாக ஃபில்டர் காபி. இட்லி நன்றாக இருந்தது; பொங்கலில் நெய்யைக் குறைத்திருந்தார்கள். கல்யாணப் பொங்கலை எதிர்பார்த்துப் போனவர்களுக்கு அது வறட்சியாகத் தோன்றியிருக்கும், ஆனால் மாத்திரையால் காலையில் குமட்டலோடு எழுகிறவர்களுக்கு நெய் மிதக்கும் பொங்கலைப் பார்த்தாலே வயிறு புரளும் என்பதை வீட்டில் பார்த்துப் பழகியவன் என்ற முறையில் அந்தக் குறைப்பை நான் சரி என்றே சொல்வேன். தேங்காய்ச் சட்னியை அதிகாலையிலேயே ஓர் அண்டா நிறைய அரைத்து வைத்துவிடாமல், சிறு தூக்குகளில் அவ்வப்போது அரைத்துக் கொண்டுவந்தார்கள். ரத்தத்தில் வெள்ளணுக்கள் குறைந்திருப்பவர்கள் நாலு பேராவது உட்காரும் பந்தியில் இது ருசிக்காகச் செய்வதல்ல, தொற்று வராமல் இருக்கச் செய்வது. சாம்பாரில் உப்பு தூக்கலாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இந்த நிகழ்ச்சியைப் பற்றி எழுதத் தோன்றியதற்குக் காரணம் அதன் பந்தி ஏற்பாடு. சீட்டு வாங்கும்போதே முதல் பந்தியா, இரண்டாம் பந்தியா என்று கேட்டார்கள். முதலாவது ஏழே முக்காலுக்கு, இரண்டாவது ஒன்பதே காலுக்கு. கூட்டத்தைப் பிரிப்பதற்காக என்றுதான் முதலில் நினைத்தேன். உண்மையில் அது மாத்திரைக் கணக்கு. இந்த நோய்களுக்குப் பெரும்பாலோர் சாப்பிடும் இமாட்டினிப் மாத்திரையை உணவோடு, ஒரு பெரிய டம்ளர் தண்ணீரோடு சாப்பிட வேண்டும். வெறும் வயிற்றில் விழுங்கினால் இரைப்பை எரியும். அது கேட்காமல் போன சி.எம்.எல் நோயாளிகள் பலருக்குக் கொடுக்கப்படும் நிலோட்டினிப் நேர் எதிர்: மாத்திரையை விழுங்குவதற்கு முன் இரண்டு மணி நேரமும், விழுங்கிய பின் ஒரு மணி நேரமும் வயிறு காலியாக இருக்க வேண்டும், ஏனென்றால் உணவோடு சேர்ந்தால் மருந்து ரத்தத்தில் அளவுக்கு மீறி ஏறி இதயத் துடிப்பைப் பாதிக்கக்கூடும். ஆக ஒரே நோய்க்கு மாத்திரை சாப்பிடும் இரண்டு பேரால் ஒரே வேளையில் ஒரே பந்தியில் உட்கார முடியாது. இந்தச் சிக்கலை நோயாளிகளிடம் தனித்தனியாக விசாரித்துச் சங்கடப்படுத்தாமல், நேரத்தை மட்டும் சொல்லி அவர்களே தேர்ந்தெடுத்துக்கொள்ளும்படி விட்டிருந்தார்கள்.

முதல் பந்தியில் சித்தப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இரண்டாவது இட்லி முடிந்த நேரத்தில், யாரும் சொல்லாமலேயே வரிசை முழுவதும் சட்டைப்பைகளும் கைப்பைகளும் திறந்தன. சிலரிடம் கிழமை எழுதிய பிளாஸ்டிக் டப்பா, சிலரிடம் கத்தரியால் வெட்டிய அட்டைத் துண்டு, ஓர் அம்மாவிடம் பழைய குங்குமச் சிமிழ். சித்தப்பா 2009 முதல் தினமும் 400 மில்லிகிராம் சாப்பிட்டு வருகிறார். வெளியூர்க் கல்யாணங்களில் மாத்திரை சாப்பிடத் தூணுக்குப் பின்னால் போய் நிற்கிற மனிதர், அன்று இலைக்கு முன்னாலேயே சாப்பிட்டார். இலைக்கு ஒன்றாக வைத்திருந்த சிறிய தண்ணீர் பாட்டில் போதாது என்று கண்டு, பரிமாறிய பெண் ஒருத்தி, "ஐயா, சொம்புல ஊத்துறேன், நிறையக் குடிங்க" என்று வரிசையாக ஊற்றிக்கொண்டே போனாள்.

கூடத்தில் யார் நோயாளி, யார் துணைக்கு வந்தவர் என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு நேரமாகவில்லை. இமாட்டினிப் கண்ணைச் சுற்றி லேசான வீக்கத்தைக் கொண்டுவரும், நம் நிறத்தவருக்குத் தோலையும் வெளுக்கச் செய்யும். ஊரில் இருந்து வரும் உறவினர்கள் சித்தப்பாவிடம் "என்ன மாமா, நல்லா கலராயிட்டீங்க" என்று பாராட்டுவதும், அவர் பேச்சை மாற்றுவதும் எங்கள் வீட்டில் வழக்கம். அங்கே அந்த நிறத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

இவ்வளவு யோசித்தவர்கள் பழச்சாறில் கோட்டை விட்டார்கள். யாரோ ஒரு புரவலர் இலவசமாக அனுப்பியிருந்த பழச்சாறு மேசையில் சாத்துக்குடியோடு பம்பளிமாஸ் சாறும் இருந்தது. இமாட்டினிப், நிலோட்டினிப் இரண்டையும் சாப்பிடுகிறவர்கள் கிரேப்ஃப்ரூட் என்னும் பழத்தைத் தவிர்க்க வேண்டும் என்று மருந்துக் குறிப்பிலேயே இருக்கிறது. மருந்தைக் கரைத்து வெளியேற்றும் நொதியை அந்தப் பழம் முடக்கிவிடுவதால், சாப்பிட்ட அளவைவிட மருந்து அதிகமாக உடம்பில் தங்கும். பம்பளிமாஸ் அதற்கு நெருங்கிய சொந்தம். தன்னார்வலர்களில் இருந்த மருந்தாளர் ஒருவர் எட்டேகால் மணிக்கு அதைக் கவனித்து ஜாடியை உள்ளே எடுத்துப் போனார். அதற்குள் எத்தனை பேர் குடித்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஒரு டம்ளரால் பெரிய ஆபத்து வந்துவிடாது என்று அவர் சொன்னதை நம்புகிறேன். ஆனாலும் இலவசமாக வருகிற பொருளையும் சமையல் பட்டியலைப் பார்ப்பது போலப் பார்த்துத்தான் உள்ளே விட வேண்டும்.

அடுத்தது மேடை. வந்திருந்த பிரமுகர்களுக்குப் பொன்னாடை போர்த்தவும் நினைவுப் பரிசு கொடுக்கவும் அரை மணி நேரம் போயிற்று. நிதி திரட்டும் கூட்டத்தில் அந்தப் பொன்னாடைகளை யார் காசில் வாங்கினார்கள் என்ற கேள்வி எனக்கு மட்டும் எழுந்ததாகத் தெரியவில்லை, ஏனென்றால் பின்வரிசையில் ஒருவர் சத்தமாகவே எண்ணிக்கொண்டிருந்தார். அதைக்கூட வழக்கம் என்று விட்டுவிடலாம். ஜிஸ்ட் கட்டிக்கு அறுவைச் சிகிச்சை முடிந்த ஓர் இளைஞரின் தாயை மேடைக்கு அழைத்து, ஆள் உயர அட்டைக் காசோலையின் ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லிப் படம் எடுத்ததை மன்னிக்க முடியவில்லை. பந்தி நேரத்தைக்கூட நோயாளி மனம் நோகாமல் கேட்கத் தெரிந்த ஒரு குழு, அந்த அம்மாவைக் கேமராவைப் பார்த்துச் சிரிக்கச் சொன்னது. அவர் சிரிக்கவும் செய்தார். புடவைத் தலைப்பை இழுத்துப் பாதி முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார்.

மருத்துவர் ஒருவர் பேசிய இருபது நிமிடம் சீட்டுக் காசுக்குத் தகுந்தது. இமாட்டினிப் அமெரிக்காவில் 2001 மே மாதம் அனுமதி பெற்றபோது, அதுவரை சில ஆண்டுகளில் முடிந்துபோகும் என்று கருதப்பட்ட சி.எம்.எல், தினம் ஒரு மாத்திரையோடு வாழக்கூடிய நோயாக மாறியது. அடுத்த ஆண்டே ஜிஸ்டுக்கும் அது அனுமதிக்கப்பட்டது. இந்தியாவில் அந்தக் கதை சென்னை வழியாகப் போகிறது. இமாட்டினிப்பை உருவாக்கிய நோவார்ட்டிஸ் நிறுவனத்தின் காப்புரிமை விண்ணப்பத்தை 2006 ஜனவரியில் நிராகரித்தது சென்னையில் இருக்கும் காப்புரிமை அலுவலகம். ஏழாண்டு வழக்குக்குப் பிறகு 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் அந்த நிராகரிப்பை உறுதி செய்தது. மாதத்துக்கு ஏறத்தாழ 1,20,000 ரூபாய் ஆன மருந்தின் உள்நாட்டு வடிவம் அப்போதே 8,000 ரூபாய் அளவில் கிடைத்தது, இன்று அதைவிடவும் இறங்கிவிட்டது. சித்தப்பா இத்தனை ஆண்டு மருந்து நிறுத்தாமல் இருந்ததற்கு அந்த வித்தியாசமே காரணம் என்பதால், இதைக் கேட்கும்போது அவர் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

மருந்தை நிறுத்திப் பார்க்கும் ஆராய்ச்சியைப் பற்றியும் மருத்துவர் சொன்னார். பிரான்சில் 2007-இல் தொடங்கிய ஸ்டிம் என்னும் ஆய்வில், இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நோயின் சுவடே சோதனையில் தெரியாமல் இருந்த நூறு பேர் இமாட்டினிப்பை நிறுத்தினார்கள். ஏறத்தாழ நாற்பது பேருக்கு நோய் திரும்பவில்லை, திரும்பியவர்களில் பெரும்பாலோர் மறுபடி மாத்திரை தொடங்கியதும் அடங்கியது. தானாக நிறுத்திவிடாதீர்கள் என்று அவர் மூன்று முறை சொன்னார். சித்தப்பாவைப் பார்த்துத்தான் சொல்கிறாரோ என்று எனக்குத் தோன்றியது.

திரட்டும் பணம் எங்கே போகிறது என்ற கேள்விக்கும் இந்தப் பேச்சில்தான் பாதி விடை கிடைத்தது. மாத்திரை மலிந்துவிட்டது, ஆனால் அது வேலை செய்கிறதா என்று பார்க்கும் பி.சி.ஆர் சோதனையை முதல் ஆண்டுகளில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை செய்ய வேண்டும், ஒவ்வொரு முறையும் தனியார் சோதனைக்கூடத்தில் சில ஆயிரம் ரூபாய் ஆகும். வசதி இல்லாதவர்கள் மருந்தைத் தொடர்கிறார்கள், சோதனையை விட்டுவிடுகிறார்கள்; மருந்து கைவிட்டது வெள்ளணுக்கள் எகிறிய பிறகுதான் தெரியவருகிறது. ஜிஸ்டுக்கு மரபணு மாற்றத்தைப் பார்க்கும் சோதனை அதே போல. ஒரு குறிப்பிட்ட மாற்றம் இருப்பவர்களுக்கு இமாட்டினிப் பலனே தராது, அது தெரியாமல் மாதக்கணக்கில் விழுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். குழு இந்தச் சோதனைகளுக்கும், வெளியூரில் இருந்து வருகிறவர்களின் பயணத்துக்கும் தங்குமிடத்துக்கும் பணம் கொடுக்கிறது. வாசலில் ஒட்டியிருந்த கணக்குத் தாளில் இவை தலைப்புவாரியாக, முந்தைய ஆண்டுத் தொகையோடு இருந்தன. எந்தத் தொண்டு நிறுவனத்தின் வாசலிலும் நான் பார்க்காத ஒழுங்கு.

அதே தாளில் "ஆராய்ச்சி" என்ற தலைப்புக்கு எதிரே ஒரு தொகை மட்டும் இருந்தது, யாருக்கு, எந்த வேலைக்கு என்று ஒரு சொல்லும் இல்லை. அழைப்பிதழில் பெரிய எழுத்தில் இருந்ததும் அந்தச் சொல்தான். விசாரித்ததில் ஒரு மருத்துவமனையின் நோயாளிப் பதிவேட்டுக்குப் போகிறது என்றார்கள். அது பயனுள்ள செலவு. ஆண்டுக்கு லட்சம் பேரில் ஒருவர் இருவருக்கே வரும் நோயில், ஒரு மருத்துவமனை தனியாக எண்ணிக்கை சேர்த்து எதையும் நிரூபிக்க முடியாது. பதிவேடுகள் ஒன்று சேர்ந்தால்தான் முடியும். பயனுள்ளதை ஏன் எழுதவில்லை என்பதுதான் புரியவில்லை.

ரசீது விஷயத்தில் குறை இல்லை. 1,500 ரூபாயில் 300 ரூபாய் சிற்றுண்டிக்கு, 1,200 ரூபாய் நன்கொடை என்று பிரித்து எழுதி, நன்கொடைப் பகுதிக்கு மட்டுமே 80ஜி என்னும் வருமான வரிச் சலுகை என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். பல அமைப்புகள் முழுத் தொகைக்கும் ரசீது கிழித்துக் கொடுத்துவிடும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை கிடையாது என்று உண்டியலுக்குப் பக்கத்திலேயே எழுதி, க்யூஆர் அட்டையையும் வைத்திருந்தார்கள். புதிய வரிமுறைக்கு மாறிவிட்டவர்களுக்கு இதெல்லாம் பொருட்டல்ல. மற்றவர்கள் வரிச் சலுகைக்கான நன்கொடைச் சான்றிதழை மறக்காமல் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும், ரசீது மட்டும் போதாது.

சாப்பாடு போட்டுப் பணம் திரட்டுவது நமக்குப் புதிதல்ல. புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் ஆடி மாதத்து மொய் விருந்தில் கறிச்சோறு சாப்பிட்டுவிட்டு நோட்டில் பெயர் எழுதிப் போகிறவர்கள், அந்தப் பணம் ஒரு நாள் தங்கள் வீட்டு விருந்துக்குத் திரும்பி வரும் என்று அறிந்தே எழுதுகிறார்கள். இங்கே எழுதும் மொய் திரும்பாது, திரும்பி வரும் நிலை யாருக்கும் வரவும் வேண்டாம். ஃபிரண்ட்ஸ் ஆஃப் மேக்ஸ் என்னும் நோயாளிகள் குழு நடத்தும் 'சாய் ஃபார் கேன்சர்' இதைவிட எளிய வழி: வீட்டிலோ அலுவலகத்திலோ நாலு பேருக்குத் தேநீர் கொடுத்து நன்கொடை வாங்கலாம். மண்டபமும் பொன்னாடையும் வேண்டாம் என்பவர்களுக்கு அதைச் சொல்வேன். ஆனால் தேநீர் மேசையில் நாற்பது பேர் ஒரே நேரத்தில் மாத்திரை டப்பாவைத் திறப்பதைப் பார்க்க முடியாது.

வண்டி நிறுத்த இடம் குறைவு. ஆட்டோவில் போவது நல்லது. மண்டபத்தில் மின்தூக்கி இருக்கிறது, ஆனால் கூடத்தின் வாசலில் இரண்டு படி உண்டு, சக்கர நாற்காலிக்குப் பலகை போடச் சொல்லிக் கேட்க வேண்டியிருந்தது. சித்தப்பா முதல் பந்திக்காரர் என்பதால் அவரோடு உட்கார்ந்துவிட்டு, பேச்சு முடிந்து ஒன்பதே காலுக்குக் காபி கேட்டு உள்ளே போனபோது இரண்டாம் பந்திக்கு வடை எண்ணெய்ச் சட்டியில் இருந்து நேராக இலைக்கு வந்துகொண்டிருந்தது. எங்களுக்கு வந்தது ஆறிப்போயிருந்தது. அடுத்த ஆண்டு அவருக்கு முதல் பந்தி, எனக்கு இரண்டாம் பந்தி என்று தனித்தனியாகச் சீட்டு எடுப்பதாக இருக்கிறேன்.