நியூரோ டாக்டர் புதன்கிழமைதான் வருவார்: 2 நட்சத்திரம்

வாசல் பலகையில் ‘நரம்பியல் பிரிவு, 24 மணி நேரமும்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அதை நம்பித்தான் ஞாயிறு காலை தம்பியை இங்கே சேர்த்தோம். வயது 34, எலக்ட்ரீஷியன். பத்து நாளுக்கு முன் வயிற்றுப்போக்கு வந்து சரியாகியிருந்தது. அப்புறம் பாதம் இரண்டும் மரத்தன. சனிக்கிழமை ஏணியில் ஏற முடியவில்லை. மறுநாள் எழுந்து நிற்கவே முடியவில்லை.

அட்மிஷன் சீக்கிரம் முடிந்தது, அறையும் சுத்தம், கேன்டீன் இட்லிகூடப் பரவாயில்லை. பொது மருத்துவர் அக்கறையானவர். பொட்டாசியம் குறைந்தாலும் கால் இப்படி விழுந்துவிடும் என்று ரத்தம் எடுத்துப் பார்த்தார். சரியாகவே இருந்தது. அதற்கு மேல் நியூரோ டாக்டர் பார்க்க வேண்டும். அவரோ வெளியூர், புதன், சனி மாலை மட்டும் விசிட். திங்கள்கிழமை, “போனிலாவது கேளுங்களேன்” என்றேன். “ஓபியில் இருப்பார் சார், புதன்கிழமை நேரிலேயே பார்த்துடுவார்” என்றார் டியூட்டி டாக்டர்.

எங்களைக் காப்பாற்றியது வார்டு சிஸ்டர். மூச்சுத் தசைக்கு எவ்வளவு பலம் இருக்கிறது என்று பார்க்க, தம்பியை ஒரே மூச்சில் எண்ணச் சொல்வார். திங்கள் காலை 28 வரை எண்ணினான். செவ்வாய் மாலை 17-இல் நின்றுவிட்டான். விரலில் மாட்டிய கருவி ஆக்சிஜன் 98 காட்டுகிறதே என்று நான் நிம்மதியாக உட்கார்ந்திருந்தேன். மூச்சுத் தசை தளர ஆரம்பித்தாலும் ஆக்சிஜன் அளவு கடைசியில்தான் இறங்குமாம்! சிஸ்டர் ஓடிப்போய்ச் சொல்ல, பொது மருத்துவர் நியூரோ டாக்டரை வீடியோ காலில் பிடித்தார். அவர் முட்டிக்குக் கீழே சுத்தியலால் தட்டச் சொன்னார், கால் துள்ளவில்லை. முன்னால் வயிற்றுப்போக்கு இருந்ததா என்று கேட்டார். “ஜிபிஎஸ் மாதிரி இருக்கு. எனக்காகக் காத்திருக்காதீங்க, மெடிக்கல் காலேஜுக்கு அனுப்புங்க.” மொத்தம் நான்கே நிமிடம்.

ஜிபிஎஸ் என்றால் கில்லன் பாரே. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே நரம்பைத் தாக்கும் நோய். அங்கே ஐந்து நாள் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரத மருந்தை ஏற்றினார்கள். கிலோவுக்கு 0.4 கிராம் கணக்கு. தம்பி 60 கிலோ, ஆக நாளுக்கு 24 கிராம். வெண்டிலேட்டர் வரை போகவில்லை.

இங்கே கொடுத்த பில்லில் ‘நரம்பியல் ஆலோசனை 1,500’ என்று ஒரு வரி. அதற்கு நான் சண்டை போடவில்லை. அந்த நான்கு நிமிடத்தை ஞாயிற்றுக்கிழமையே வாங்கித் தந்திருந்தால் இரண்டு மடங்கு கொடுத்திருப்பேன். இரண்டு நட்சத்திரமும் அந்த சிஸ்டருக்கு.

தம்பி இப்போது வாக்கர் இல்லாமல் நடக்கிறான். ஏணிப் பக்கம் மட்டும் அம்மா இன்னும் விடவில்லை.