வீடு தேடி வந்த ஆதரவுச் சிகிச்சைக் குழு: எங்கள் அனுபவம்

புற்றுநோய் கல்லீரல் வரை பரவிவிட்டதால் இனிக் கீமோதெரபி பயன் தராது என்று மருத்துவமனையில் சொல்லிவிட்ட பிறகு, என் அண்ணனைக் கடைசி வரை வீட்டிலேயே கவனித்துக்கொண்டது எங்கள் வட்டாரத்துத் தொண்டு நிறுவனம் ஒன்றின் ஆதரவுச் சிகிச்சைக் குழு; நோயைக் குணமாக்க அல்ல, வலியையும் வேதனையையும் தணிப்பதற்கான சிகிச்சை (பாலியேட்டிவ் கேர்) இது. கட்டணம் ஏதுமில்லை; மருத்துவரும் செவிலியரும் தன்னார்வலர் ஒருவரும் வாரந்தோறும் வேனில் வருவார்கள்.

வலியைத் தணிப்பதில் அவர்களிடம் குறை சொல்ல ஒன்றுமில்லை. வலிநிவாரணியான மார்ஃபின் என்றதும் போதைக்கு அடிமையாகிவிடுவாரோ என்று அஞ்சிய உறவினர்களிடம், நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை ஏன் கொடுக்க வேண்டும், கூடவே மலமிளக்கி எதற்கு என்பதையெல்லாம் மருத்துவர் பொறுமையாக விளக்கினார். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் 2014இல் திருத்தப்பட்டு இத்தகைய மருந்துகளுக்கான உரிம நடைமுறை எளிதாக்கப்பட்ட பின்னரும், சாதாரண மருந்துக்கடைகளில் மார்ஃபின் மாத்திரை எளிதில் கிடைப்பதில்லை என்பதால், அதைக் கொண்டுவந்து கையில் தருவதே பெரிய உதவி.

அதைவிடப் பெரிய உதவி, பத்தாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த அண்ணன் மகளுக்குக் கிடைத்தது. பொதுத்தேர்வு முடியும்வரை பிள்ளைக்கு எதுவும் தெரியக் கூடாது என்பது குடும்பத்துப் பெரியவர்களின் முடிவு. மாத்திரைக்கு அலாரம் வைப்பதும் வாந்தியைத் துடைப்பதும் என்னவோ அவள்தான். செவிலியர் அண்ணியிடம் அனுமதி கேட்டுக்கொண்டு அவளைத் திண்ணைக்கு அழைத்துப்போய், "அப்பா உடம்பைப் பத்தி உனக்கு என்னம்மா தெரியும்?" என்று மட்டும் கேட்டார். டிஸ்சார்ஜ் சம்மரியில் இருந்த சொற்களைக் கைபேசியில் தேடி, அவள் எல்லாவற்றையும் முன்பே அறிந்துவைத்திருந்தாள். கடைசி நாட்களில் மூச்சு விட்டுவிட்டு வரும், தொண்டையில் கரகரப்புச் சத்தம் கேட்கும், பார்ப்பவர்களைப் பதறவைக்கும் அந்தச் சத்தம் பெரும்பாலும் நோயாளிக்கு வேதனை தருவதில்லை என்பதைச் செவிலியர் மழுப்பாமல் முன்கூட்டியே சொல்லியிருந்ததால், அந்தக் கடைசி இரவில் வீட்டிலிருந்த எல்லோரிலும் பதறாமல் அப்பாவின் அருகில் உட்கார்ந்திருந்தவள் அவள்தான். இரவு மாத்திரைப் பொறுப்பை அவளிடமிருந்து வாங்கி என்னிடம் ஒப்படைத்ததும் அந்தச் செவிலியரே.

குறை அதன் பிறகுதான். காரியம் முடிந்ததும் ஒருமுறை வந்து விசாரித்ததோடு சரி. பிள்ளைகளுக்கென்று ஆலோசகர் யாரும் அங்கே இல்லாததால், அரசின் தொலைபேசி வழி மனநல ஆலோசனைச் சேவையான டெலிமானஸின் 14416 என்ற எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். இருபத்து நான்கு மணி நேரமும் இலவசமாகத் தமிழில் பேசக்கூடிய நல்ல சேவைதான். ஆனால் துக்கம் கேட்க வருவோர் நிறைந்த இரண்டு அறை வீட்டில், அம்மாவின் காதில் விழாமல் ஒரு பதினைந்து வயதுப் பெண் எங்கே நின்று பேசுவாள்? ஏற்கெனவே பழகிய அதே செவிலியர், பக்கத்துத் தெருவுக்கு வேன் வரும் நாளில் பத்து நிமிடம் எட்டிப் பார்த்திருந்தாலே போதும்.

இத்தகைய சேவையை நாடுவோர், கடைசி வாரம் வரை காத்திராமல், சிகிச்சைக் கோப்புடன் முன்கூட்டியே பதிவு செய்துகொள்வது நல்லது. வளரும் பிள்ளை வீட்டில் இருந்தால் முதல் வருகையிலேயே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். நாங்கள் நிரப்பிய படிவத்தில் அதற்கென்று இடம் ஏதும் இருக்கவில்லை.