நிலவாரியாக நாவல் அடுக்கிய ஒரு ஜெராக்ஸ் கடை

தருமபுரி பென்னாகரம் சாலையில், பலகையில் ‘நோட்டு, பேனா, ஜெராக்ஸ், லேமினேஷன்’ என்று மட்டும் எழுதியிருக்கும் ஒரு கடையின் பின்னறையில் தமிழ் நாவல்களும் சிறுகதைத் தொகுப்புகளுமாகச் சுமார் எண்ணூறு புத்தகங்கள் இருக்கின்றன. முன்பக்கம் நின்று ஆதார் நகல் எடுத்துக்கொண்டு போகிறவர்களில் பெரும்பாலோருக்கு அப்படி ஓர் அறை இருப்பதே தெரியாது. ஓராண்டாக மாதம் ஒருமுறையாவது அங்கே போய்வருகிறவன் என்ற முறையில் அந்த அறையின் நிறைகுறைகளை எழுதுகிறேன். கடைக்கு வேறு பெயர் இல்லை என்பதால் பெயர் குறிப்பிட வழியில்லை.

பொதுவாகப் புத்தகக் கடைகளில் பதிப்பக வாரியாகவோ ஆசிரியர் பெயரின் அகரவரிசையிலோ அடுக்கியிருப்பார்கள். இங்கே நிலவாரியாக அடுக்கியிருக்கிறார்கள். கரிசல், கொங்கு, நடுநாடு, நாஞ்சில் நாடு, தஞ்சை, சென்னை என்று ஒவ்வொரு தட்டிலும் அட்டைத் துண்டு ஒட்டியிருக்கிறது. கடைசித் தட்டில், தருமபுரியின் பழம்பெயரான ‘தகடூர்’. நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று வைத்து, மரமும் பறவையும் தொழிலும் உணவும் அதிலிருந்து பிறக்கும் கருப்பொருள் என்று சொன்ன தொல்காப்பியத்தைப் பள்ளியில் படித்துவிட்டு வந்த நமக்கு இந்த முறை புதுமையாகத் தோன்றியிருக்கக் கூடாது. ஆனாலும் முதல் நாள் அந்தத் தட்டுகளின் முன் நின்றபோது எனக்குப் புதுமையாகத்தான் இருந்தது.

அறையிலேயே செறிவானது கரிசல் தட்டு. கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராம’மும் (1976) பூமணியின் ‘பிறகு’, ‘வெக்கை’ ஆகிய நாவல்களும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. இவற்றை ஒரே மாதத்தில் அடுத்தடுத்துப் படித்தபோது, ஒரே மண் இரண்டு எழுத்தாளர்களிடம் எவ்வளவு வேறு வேலை செய்கிறது என்பது தெளிவாகத் தெரிந்தது. தெலுங்கு பேசும் குடிகள் வடக்கிலிருந்து அஞ்சி ஓடிவந்து, காட்டைத் திருத்தி ஊராக்கிய கதையைச் சொல்லும் கி.ரா.வுக்கு நிலம் என்பது ஒரு கூட்டத்தின் நினைவு. அவர் ஊர்க்கதை சொல்லும் கிழவரின் நிதானத்தோடு அதைச் சொல்கிறார். வேப்பனப்பள்ளிப் பக்கம் தெலுங்கு பேசிய என் பாட்டியும் ‘வடக்கேயிருந்து வந்தோம்’ என்று சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான் என்பதால், இடைசெவல் ஊர்க்காரரான கி.ரா. எழுதிய அந்த நாவல் கிருஷ்ணகிரி மாவட்டத்து வீட்டுத் திண்ணையில் எழுதியது போலவே எனக்குப் பட்டது. ‘வெக்கை’யில் நிலைமை வேறு. கொலை செய்துவிட்ட சிறுவனும் அவன் தந்தையும் காடுமேடுகளில் ஒளிந்து திரியும் அந்தக் கதையில், எங்கே தண்ணீர் கிடைக்கும், எதைத் தின்னலாம், எந்த மறைவில் படுக்கலாம் என்பவைதாம் அடுத்த நிகழ்ச்சியைத் தீர்மானிக்கின்றன. அந்த நிலத்தை எடுத்துவிட்டால் கதையில் வெறும் பகை மட்டுமே எஞ்சும்.

வட்டார எழுத்து என்றாலே உரையாடலில் பேச்சுவழக்கைக் கொட்டுவது என்று நினைத்திருந்த எனக்கு, அந்த எண்ணத்தைத் திருத்திக்கொள்ள இந்தத் தட்டே உதவியது. பேச்சு, நிலத்தின் மேல்தோல்தான். மழை தவறினால் யார் யாரிடம் கடன் கேட்பார்கள், கிணறு யார் பங்கில் விழும், ஆடு மேய்க்கப் போகிறவன் யார் வீட்டுப் பையன் என்பவையே அதன் உள்ளுடம்பு. 1942இல் வந்த ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மா’ளில் கொங்குப் பேச்சு இனிமையாக இருக்கிறது என்பது உண்மை, ஆனால் நாவலை இழுத்துச் செல்வது, கணவனை இழந்த ஒருத்தி நிலத்தில் கேட்கும் பங்கு. பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’யில், பண்ணையத்தில் ஆட்டுக்கு விடப்பட்ட சிறுவர்களின் ஒரு நாள் வெயிலும் பசியும் மேய்ச்சல் காட்டின் அளவாலேயே நிர்ணயமாகின்றன.

கடைக்காரர் செய்திருக்கும் இன்னொரு நல்ல காரியம், அகராதிகளை அந்தந்தத் தட்டிலேயே வைத்திருப்பது. கி.ரா.வின் கரிசல் சொல்லகராதியும், பெருமாள்முருகனின் கொங்கு வட்டாரச் சொல்லகராதியும், கண்மணி குணசேகரனின் நடுநாட்டுச் சொல்லகராதியும் நாவல்களுக்கு நடுவே நிற்கின்றன. மூன்றையும் தொகுத்தவர்கள் கதை எழுதுகிறவர்கள் என்பதை நான் அங்கேதான் கவனித்தேன். சொல் தெரியாமல் திணறும் வாசகர் அங்கேயே எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம். அகராதியை வாங்கியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

இனிக் குறைகள். அடுக்குமுறையின் அடிப்படையிலேயே ஒரு கோளாறு இருக்கிறது. கடைக்காரர் நாவல் நிகழும் நிலத்தைப் பார்ப்பதில்லை, ஆசிரியர் பிறந்த ஊரைப் பார்க்கிறார். அதனால் ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜியின் சிறுகதைகள் தகடூர்த் தட்டில் இருக்கின்றன. “அவர் நம்ம ஊர்க்காரர்தானே சார்” என்றார். நம் ஊர்க்காரர்தான், ஆனால் 1925இல் திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் அமைத்து, அங்கிருந்து ‘விமோசனம்’ என்ற மதுவிலக்கு இதழ் நடத்தியவர் அவர். குடியால் சீரழியும் குடும்பங்களை அவர் எழுதியதற்குத் தொரப்பள்ளியைக் காட்டிலும் அந்த ஆசிரமத்துச் சுற்றுப்புறமே நெருங்கிய காரணம் என்பது என் கருத்து. மறுபுறம், மதுரையில் பிறந்து ஓசூரில் வாழும் பா. வெங்கடேசனின் ‘தாண்டவராயன் கதை’ எந்தத் தட்டிலும் பொருந்தாமல், ஜன்னல் ஓரமாகத் தனியே கிடக்கிறது. தொலைபேசித் துறை ஊழியராகச் சில ஆண்டுகள் தருமபுரியில் வாழ்ந்த ஜெயமோகன் நாஞ்சில் நாட்டுத் தட்டில் இருப்பதை மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன். எழுதும் நாற்காலி எங்கே கிடக்கிறது என்பதைவிட, சிறுவயதில் கால் பதிந்த மண் எது என்பது கதையில் ஆழமாக இறங்கும்.

தகடூர்த் தட்டு பாதிகூட நிறையவில்லை. அதியமானையும் ஔவையையும் காரணம் காட்டிப் புறநானூற்று உரை ஒன்றை வைத்திருக்கிறார். மிச்ச இடத்தில் லேமினேஷன் தாள் கட்டுகள். அந்தத் தட்டில் நான் தேடிய புத்தகம் எது என்று கேட்டால் பெயர் சொல்லத் தெரியாது, ஆனால் அதில் என்ன இருக்க வேண்டும் என்று சொல்ல முடியும். கிணற்று நீரில் ஃபுளோரைடு மிகுந்து, பல் பழுப்பேறிய ஊர்ப் பெண்ணைப் பெண்பார்க்க வருகிறவர்கள் முதலில் எதைப் பார்ப்பார்கள் என்று அது எழுதியிருக்கும். ஒகேனக்கல்லில் காவிரி கொட்டிக்கொண்டிருக்க, சில மைல் தள்ளிச் சாமைக்கும் ராகிக்கும் மழையைப் பார்த்து நிற்கும் மானாவாரிக் காடு அதில் வரும். ‘அள்ளி’ என்று முடியும் ஊர்ப்பெயர்களில் கன்னடம் ஒட்டிக்கொண்டிருப்பதும், கட்டட வேலைக்குப் பெங்களூருக்குப் பஸ் ஏறுகிறவர்கள் அதே கன்னடத்தை அங்கே புதிதாகக் கற்பதும் வரும். முல்லையும் குறிஞ்சியும் இயல்பு திரிந்தால் பாலை என்று இளங்கோ சொன்னதை எங்கள் மாவட்டத்தில் வெறும் உவமையாகப் படிக்க முடியாது.

சேவையைப் பொறுத்தவரை கலவையான அனுபவம்தான். புதிய புத்தகங்களுக்குப் பத்து விழுக்காடு தள்ளுபடி தருகிறார்; பழையவை அச்சிட்ட விலையில் பாதி. ‘நாகம்மாள்’ இருப்பில் இல்லை, ஒரு வாரத்தில் வந்துவிடும் என்று முன்பணம் வாங்கினார். கைக்கு வர இருபத்து நான்கு நாள் ஆயிற்று, இடையில் ஒரு தகவலும் இல்லை. வந்த பிரதியில் ஒரு பாரம் இரண்டு முறை தைக்கப்பட்டு, அடுத்த பதினாறு பக்கம் காணாமல் போயிருந்தது. அதைத் திருப்பிக் கொடுத்தபோது முகம் சுளிக்காமல் மாற்றித் தந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். அறையில் ஒரே ஒரு குழல்விளக்கு. கீழ்த் தட்டுகளில் முதுகெழுத்தைப் படிக்கக் கைப்பேசி வெளிச்சம் தேவைப்படுகிறது. தூசு ஒவ்வாதவர்கள் கைக்குட்டை எடுத்துப் போவது நல்லது.

ராஜாஜியை இடம் மாற்றச் சொல்லி நான் வாதாடியதில் பாதி வெற்றி கிடைத்தது. சென்ற மாதம் போனபோது சிறுகதைத் தொகுப்பு தகடூர்த் தட்டிலேயே இருந்தது, ஆனால் அட்டைத் துண்டில் ‘பிறப்பு’ என்று பென்சிலால் சேர்த்திருந்தார். ஞாயிறு பிற்பகல் கடை கிடையாது. தேர்வுக் காலத்தில் முன்பக்கம் ஜெராக்ஸ் கூட்டம் நெரிவதால் பின்னறையைத் திறந்துவிட ஆள் இருக்காது. காலை பதினொரு மணிக்கு மேல் போகிறவர்களுக்கு அறையில் உட்கார ஒரு முக்காலியும் கிடைக்கும்.